சாவியின் மறுபாதி

முனீஸ்வரன் லீவில் அஞ்செட்டிக்குப் போய் ஒன்பது நாளும் நான்கு மணி நேரமும் ஆகியிருந்தபோது, சூப்பர்வைசர் சாந்தம்மா சாவி அறைக்கு வந்தார்.

ஓசூர் ஆலையில் தயாராகும் மின்மீட்டர்களுக்குள் ரகசியச் சாவி எண்ணை அங்கேதான் ஏற்றுவார்கள். எண்ணில் பாதி முனீஸ்வரனுக்கும் மறுபாதி மாதேஸ்வரிக்கும் மட்டுமே தெரியும். ஒருவர் தட்டும்போது மற்றவர் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். அப்படி முகம் பார்க்காமல் நின்ற நிமிடங்களில்தான் அவளுக்கு அவன்மேல் ஆசை வந்தது.

அவன் லீவில் போன பிறகும் தினமும் அறையில் தனியாகத் தன் பாதியைத் தட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் நின்றதும் மீட்டர்களில் பச்சை விளக்கு எரிந்தது.

"ஏம்மா, ஆளு லீவுல இருக்கான். மிஷின்ல அவன் பாதியும் தினம் ஏறியிருக்கு. அவன் நம்பர உங்கிட்ட சொல்லிட்டுப் போனானா? ரெண்டு பேருக்கும் வேலை போயிரும், பாத்துக்க."

"சொல்லலைக்கா."

"அப்ப அவனுக்கு ஃபோனப் போடு."

உண்மையைச் சொன்னால் இன்றே அவன் பெயரை மிஷினிலிருந்து அழித்துவிடுவார்கள். நாளை அவள் முதுகுக்குப் பின்னால் வேறு யாரோ தட்டுவார்கள். ஆனால் ஃபோன் போட்டாலும் தெரிந்துவிடும்.

"ஊருக்குப் போன அன்னிக்கே பைக்கு கவுந்து செத்துட்டாருக்கா."