பின்பக்கமாக ஏறிய கார்

பாறைக்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருந்தான் டூகல் ராங்கின். பக்கத்தில் நாலைந்து பெரிய கற்கள், மடியில் ஒரு சுத்தியல். கீழே டிரம்கோரி ஏற்றத்தில், மலையேறும் போட்டிக்காக, பழைய முதலாளி இம்ரியின் கார் புகையைக் கக்கிக்கொண்டு வந்தது.

"இந்தா பாரு, திங்கக்கிழமை அப்பீல் இருக்கு. அதுக்குள்ள அந்த ஆளை ஏதாவது பண்ணிட்டு ஜெயிலுக்குப் போயிடாதே" என்று, ஓட்ஸ் ரொட்டியைத் துணியில் கட்டிக் கொடுக்கும்போதே மனைவி எல்ஸ்பெத் சொல்லியிருந்தாள்.

"பண்றதுக்கு எனக்கு ஒரு கைதானே இருக்கு?" என்று சிரித்துவிட்டு வந்தவன்தான்.

இன்னொரு கையை, இம்ரியின் கார் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் இயந்திரம் விழுங்கிவிட்டது. எட்டு வருடம் மெக்கானிக்காக உழைத்த இடம். நஷ்டஈடு கேட்டு கிளாஸ்கோ கோர்ட்டுக்குப் போனால், "இவன் யாருன்னே எனக்குத் தெரியாது. திருட வந்த இடத்துல கையை விட்டிருப்பான்" என்று இம்ரி கூசாமல் சொன்னார்.

சம்பளப் புத்தகத்தில் ராங்கின் பெயர் இருந்த பக்கங்களே காணாமல் போயிருந்தன. கூட வேலை செய்தவர்கள் பயந்துபோய் வாயே திறக்கவில்லை. கேஸ் தோற்றது. ஊரே அவனைத் திருடன் என்றது.

எதிர்பார்த்த வளைவிலேயே கார் இருமியது. குலுங்கி நின்றுவிட்டது.

பெட்ரோல் டாங்கி சீட்டுக்கு அடியில். செங்குத்தான ஏற்றத்தில் இன்ஜின் அதைவிட உயரத்துக்குப் போய்விட்டால் பெட்ரோல் எப்படிப் போய்ச் சேரும்? டாங்கியை மாற்றி வையுங்கள் என்று வேலையில் இருந்தபோதே ராங்கின் தலைபாடாக அடித்துக்கொண்டான். இம்ரி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சுத்தியலோடு எழுந்து வந்தவனைப் பார்த்ததும் இம்ரிக்கு முகம் வெளுத்தது.

"ராங்கின்! என்னைக் கொல்லவா வந்திருக்கே?"

"காரைத் திருப்பி ரிவர்ஸ்ல ஏத்துங்க முதலாளி. டாங்கி மேல போயிடும், பெட்ரோல் தானா இறங்கும். வண்டி உருளாம நான் கல்லு முட்டுக் கொடுக்கறேன்."

பின் சீட்டில், போட்டிக் கமிட்டி அனுப்பிய கண்காணிப்பாளர் லெய்ட்லா உட்கார்ந்திருந்தார். அவர் நோட்டைத் திறந்தார்.

"கம்பெனி ஆள் மட்டும்தான் காரைத் தொடலாம். வெளியாள் தொட்டா நீங்க போட்டியிலேயே இல்லை, மிஸ்டர் இம்ரி. யாரு இவரு?"

ஜெயிக்கிற காரை வாங்குவதற்காக உச்சியில் பட்டாள அதிகாரிகள் காத்திருந்தார்கள். கீழ் வளைவில் எதிர்க் கம்பெனிக் காரின் ஹாரன் கேட்டது. இம்ரி கீழே எட்டிப் பார்த்தார்.

"வெளியாளா? நம்ம மெக்கானிக்குங்க! எட்டு வருஷமா எங்கிட்டதான் வேலை!"

"அப்படின்னா அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க."

நீட்டிய நோட்டில் இம்ரி அவசர அவசரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ராங்கின் கற்களை உருட்டி வந்து, சக்கரங்களுக்கு அடியில் சுத்தியலால் அடித்து இறுக்கினான். கார் மெல்லத் திரும்பியது. பின்பக்கத்தை உலகத்துக்குக் காட்டியபடி முக்கி முனகி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தது. கூட்டம் கைதட்டியது.

மூச்சு வாங்க நடந்தே வந்து சேர்ந்த ராங்கினின் தோளில் இம்ரி தட்டினார். "பழசையெல்லாம் மறந்துட்டியே! உனக்குப் பெரிய மனசுடா!"

ராங்கின் தொப்பியைக் கழற்றிக்கொண்டு லெய்ட்லாவின் பக்கம் திரும்பினான்.

"ஐயா, திங்கக்கிழமை அந்த நோட்டை எடுத்துக்கிட்டு கோர்ட்டு வரைக்கும் வர முடியுங்களா?"