ராணிக்கு வைத்த மருந்து

“வைத்தியரே, நல்லாப் பாத்துக்கிடும். உம்ம பச்சிலை பண்ணின வேலை இது.”

அருளப்பன் காட்டிய இடத்தில் அவருடைய வெள்ளை நாய் ராணி வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது.

சீனிச்சாமி வைத்தியர் நாயைப் பார்த்தார். “நாய்க்கு நான் எப்ப மொதலாளி மருந்து கொடுத்தேன்?”

“எனக்குத்தான் கொடுத்தீரு. நான் அதுக்கு வச்சேன். பஞ்சு வாங்கினாலே பொதிக்குள்ள கையை விட்டு உருவிப் பாக்கிறவன் நான். கண்ட எலையையும் சோதிக்காம வாயில போட்டுக்கிட ஆடா என்ன?”

ராஜபாளையத்துப் பஞ்சு மண்டிக்காரர் அருளப்பனுக்கு ஈரலில் கொழுப்பு அடைத்திருக்கிறது என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். மஞ்சளித்த கண்; வேட்டி நிற்காத வயிறு. கூமாப்பட்டியிலிருந்து வந்து பிழைக்கிற சீனிச்சாமி, கீழாநெல்லியும் கரிசலாங்கண்ணியும் அரைத்த உருண்டையைத் தினமும் கொடுத்தனுப்பினார். அருளப்பன் வீட்டில் நாய்க்கு மனசார விழுந்தது அது ஒன்றுதான்.

“சாயங்காலம் சட்டியில போடுவேன். செத்த நேரங்கழிச்சுப் பாத்தா வழிச்சு நக்கியிருக்கும். வாயில்லாத சீவன், உம்மை நம்பித் தின்னுருக்கு. இப்ப என் வயிறு அதுக்கு வந்துருச்சு.”

“உங்க வயித்தைக் காணமே, மொதலாளி.”

“வத்திருச்சுல்லா? ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம், நாப்பது நாளும் கறி இல்ல, நெய் இல்ல. கஞ்சியும் இவ அரைச்ச கீரைத் தொவையலுந்தான்.” வாசற்படியில் நின்ற மனைவி இன்பத்தைக் காட்டினார். “கசப்புன்னா அப்பிடி ஒரு கசப்பு. தபசுக்கு அதான் பொருத்தம்னு கேட்டு வாங்கித் தின்னேன். ஆண்டவர் எறங்கிட்டாரு. உம்ம எலை தழை யாருக்கு வேணும்? நாளைக்கே இந்த நாயைக் கடைத்தெருவுல கெடத்தி உம்ம வண்டவாளத்தைச் சொல்லுதேன். பொறவு ஒரு பய கூப்பிட மாட்டான். கூமாப்பட்டிக்கு மூட்டையைக் கட்டும்.”

சொன்னால் செய்கிற வாய் அது. சீனிச்சாமிக்கு ஊரில் இருந்த பிழைப்பு அந்த வாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து ராணியின் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

“குட்டி இருக்கு, மொதலாளி. சீக்கிரம் போட்ரும்.”

“கட்டிப் போட்ட நாயிவே. ஜமீன் வீட்டு நாயையே கிட்ட அண்டவிடலை.”

“கயிறு இதைத்தான கட்டுச்சு? தெரு நாயை யாரு கட்டினா?”

இன்பம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

அருளப்பன் வியாபாரி. ஒரு சரக்கு விலைபோகாவிட்டால் அடுத்ததை எடுத்து விரித்துவிடுவார்.

“சரி, உம்ம மருந்து நாயைக் கெடுக்கலை. கொணமும் பண்ணலைல்லா? எனக்குக் கொணமானது தபசுல. நாய் நக்கிற மருந்து மனுசனுக்கு என்னத்தச் செய்யும்? அதைக் கடைத்தெருவுல சொல்லத்தான் போறேன்.”

சீனிச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டார்.

“செத்த நில்லுங்க, வைத்தியரே,” என்றாள் இன்பம். பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். “ராணி அதை மோந்துகூடப் பாக்கலை. தினமும் அந்தச் சட்டியிலருந்து வழிச்செடுத்து அரைச்சதுதான், நீங்க கேட்டுக் கேட்டுத் தின்ன தொவையல்.”