புகைப்பகுதிச் சாட்சி

உப்பளக்குப்பத்து அனல்மின் நிலையத்தில் தீப்பிடித்த அன்று, ஆட்கள் உள்ளே இருக்கும்போதே வெளிக்கதவைப் பூட்டச் சொன்னார் மேலாளர். சாப்பாட்டுத் தூக்கோடு வாசலில் நின்றிருந்த அமலோற்பவம் அதைக் காதால் கேட்டாள். உள்ளே வெந்து செத்தவர்களில் அவள் கணவன் சவரியப்பனும் ஒருவன்.

சாட்சிக் கூண்டில் அவள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. நிலையத்தின் வழக்கறிஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எவ்வளவு காலமாம்மா அந்தக் குப்பத்துல இருக்கீங்க?" என்றார்.

"பொறந்ததே அங்கதான் சார்."

அவர் நீதிபதியின் பக்கம் திரும்பினார். "புகைப்பகுதியிலேயே வளர்ந்தவங்களுக்கு மூளை பாதிச்சு ஞாபகம் தடுமாறும். அவங்க சாட்சி செல்லாதுன்னு சட்டம் இருக்குங்க ஐயா."

அமலோற்பவம் குறுக்கிட்டாள். "அந்தப் புகையே இவங்க விட்டதுதானேங்கய்யா? அதால ஒண்ணும் ஆகாதுன்னு இத்தனை வருஷமா எங்ககிட்ட சொன்னதும் இவங்கதானே?"

நீதிபதி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "அது வேற வழக்கும்மா. வெளியூர்க்காரங்க யாராவது பார்த்தாங்களா?"

"எங்களை விட்டா அந்தப் புகைக்குள்ள யாருங்கய்யா வருவாங்க?"

அவளை இறங்கச் சொன்னார்கள். அடுத்துக் கூண்டேறிய மேலாளர், கதவு கடைசிவரை திறந்தே கிடந்ததாகச் சொன்னார். அவர் குடும்பத்தோடு ஏற்காட்டில் வசிப்பவர். குப்பத்துக்கு எப்போதாவதுதான் வந்து போவார். நல்ல காற்றைச் சுவாசிக்கிறவரின் ஞாபகத்தை நீதிமன்றம் சந்தேகிக்கவில்லை. அவர் சொன்னதே தீர்ப்பாயிற்று.