கூட்டத்துக்கு முதுகு காட்டி

ஒஹாயோவில் சனிக்கிழமை மதியம். பனியின் வெளிச்சம் ஜன்னல் வழியே வந்து கம்பளத்தில் கிடக்கிறது. வீடியோ கேமில் ராக் கச்சேரி. எட்டு வயது மார்னி சாக்ஸ் போட்ட கால்களை அகட்டி நின்று, கையில் இல்லாத கிட்டாரை இடது கையால் வாசிக்கிறாள். ஆடுபவர்களின் அசைவைக் கவனிக்க டிவிக்கு அடியில் உள்ள கேமராவோ வலது கையைத்தான் தேடுகிறது. ஒவ்வொரு வீச்சுக்கும் திரையில் சிவப்பு விளக்கு எரிகிறது, கூட்டம் ஊளையிடுகிறது. பக்கத்தில் வெறுங்காற்றில் டிரம் அடிக்கும் அண்ணன் டெக்ஸ்டருக்கு வியர்த்துக் கொட்டுகிறது.

"வலது கைடீ, மக்கு! உன்னாலதான் நம்ம பேண்டே ஊத்திக்கப் போவுது."

"என் கை இதுதான். பிடிக்கலைன்னா அவங்க எந்திரிச்சுப் போகட்டும்."

சொன்ன வேகத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறாள். சோபாவையும் அதில் கவிழ்ந்து கிடக்கும் சிப்ஸ் பொட்டலத்தையும் முறைத்துக்கொண்டு, அதே இடது கையால் ஓங்கி ஓங்கி வாசிக்கிறாள். முகம் எது, முதுகு எது என்று தெரியாத கேமராவுக்கு இப்போது அதுதான் வலது கை. விளக்கு பச்சையாகிறது. ஊளையிட்ட கூட்டம் எழுந்து நின்று கைதட்டுகிறது.

"மார்னி, ஜெயிக்கிறோம்டீ! திரும்பிப் பாரேன், உன் பேரச் சொல்லிக் கத்துறாங்க!"

"கத்தட்டும்," என்கிறாள், கையை நிறுத்தாமல். "என் முதுகப் பாத்துக் கத்தட்டும்."