போயிட்டு வாங்க

“டெல்லியும் மும்பையும் மல்லுக்கு நின்ன கல்லூரி கூடைப்பந்துப் போட்டியை, பல்லு விளக்கிக்கிட்டே ரெண்டு வார்த்தையில மதுரைக்கு இழுத்துட்டு வந்துட்டேன்!” என்றார் ஓய்வுபெற்ற கண்டக்டர் பூமிநாதன்.

டீக்கடை பெஞ்சில் இருந்த பயிற்சியாளர் இருதயராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. தகுதிச்சுற்றில் தோற்றுப்போன அவருடைய பெண்கள் அணிக்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி. போட்டி நடக்கிற ஊரின் அணி, தோற்றிருந்தாலும் நேரே ஆடலாம்.

“ரீல் விடாதீங்கண்ணே. ஊருக்கு ஒரு வீட்டைப் போன்ல கூப்பிட்டுப் பேசி, போட்டி எந்த ஊர்லன்னு கம்ப்யூட்டர் எந்திரம்ல முடிவு பண்ணுது? அது உங்களைத்தான் கூப்பிட்டுச்சாக்கும்?”

“கூப்பிட்டுச்சேப்பா! அப்புறமா வந்த மெசேஜைப் பார்த்துத்தான் அதுன்னே தெரியும். என்னமோ கேட்டுச்சு, காதுலயே வாங்கல. லோன் குடுக்கிற பயன்னு நெனச்சு, வாயில நுரையோட ‘சரி, போயிட்டு வாங்க’ன்னு துரத்திவிட்டேன்.”

“துரத்துனா வருமாண்ணே?”

“வாங்கன்னு சொன்னேன்ல!”

அந்த நேரம் பார்த்து இருதயராஜின் போன் அடித்தது. எந்திரம் தேன் சொட்டப் பேசியது.

“வணக்கம். டெல்லி, யோசித்துச் சொல்வதாகச் சொன்னது. மும்பை, எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டது. மதுரை மட்டும்தான், நாங்கள் போய்விட்டு மறுபடியும் வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. ஆகவே இந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் போட்டி மதுரையில்தான். உங்கள் அணி தயாரா?”

“தயார்! தயார்!” என்று இருதயராஜ் கத்திய கத்தலில் டீ அவர் வேட்டியெல்லாம் கொட்டியது.

“என்ன சார், அண்ணன் சொன்னது நெசமா?” என்றார் கடைக்காரர்.

“நெசந்தான்யா. இந்த மனுசன் வாழ்க்கையில மொத தடவையா குறைச்சுச் சொல்லியிருக்காரு.”