விசிலும் தும்மலும்

ஒரு மைனா தன் குஞ்சுக்குக் குக்கர் விசில் போலக் கூவக் கற்றுக்கொடுத்தபோது, முடிவில் தும்மிவிட்டது. குஞ்சு அந்தத் தும்மலையும் பாடமென்றே நினைத்துக்கொண்டது. அடுத்த வாரமே ஒரு புயல் குஞ்சை எங்கோ அடித்துக்கொண்டு போய்விட்டது.

வருஷம் ஒன்றாயிற்று. எங்கிருந்தோ வந்த கரிச்சான் குருவி ஒன்று வேப்பமரத்தில் உட்கார்ந்து விசில் அடித்தது, முடிவில் தும்மியது.

மைனா அதன் பக்கத்துக் கிளைக்குத் தாவியது. "இதை யாருகிட்டக் கத்துக்கிட்டே, தம்பி?"

"ஆத்துக்கு அந்தப் பக்கம் எல்லாருமே இப்படித்தான் கூவுறாங்க, அக்கா. யார் ஆரம்பிச்சதுன்னு யாருக்குத் தெரியும்?"

"திரும்பிப் போனதும் சரியாக் கூவு. முடிவுல ரெண்டு தும்மல்."

கரிச்சான் கற்றுக்கொண்டு போனது. மைனா பதிலுக்குக் காத்திருந்தது. அடுத்த வருஷம் ஆற்றைத் தாண்டி வந்த கிளி ஒன்று விசில் அடித்துவிட்டு, மூன்று முறை தும்மியது.