பச்சைச் சப்பாத்தி

எட்டு புள்ளி இரண்டு.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த ரத்தினவேல் அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். வைத்த கையை எடுப்பதற்குள் மறுபடி பிரித்தான். எண் மாறவில்லை. எப்படி மாறும்?

நாற்பது நாளுக்கு முன்னால் இதே ஆஸ்பத்திரியில் அவன் மனைவி ராணிக்கு ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் எட்டு. பத்து வந்தால்தான் கர்ப்பப்பைக் கட்டியை எடுக்க முடியும், தினமும் கீரை கொடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். ஏற்கெனவே இரண்டு தடவை தேதி தள்ளிப் போயிருந்தது. மாதத்தில் பாதி நாள் ராணிக்கு உதிரப்போக்கு நிற்பதில்லை. இரும்புச்சத்து மாத்திரை போட்டாலோ குடலே வெளியே வந்துவிடுவது போல் குமட்டல். கீரைதான் கதி.

கீரைக்கா பஞ்சம்? அவன் வேலை பார்ப்பதே கீரைப் பண்ணையில். நஞ்சன்கூடு ரோட்டில், பாலித்தீன் கூடாரத்துக்குள் பேபி பாலக் என்கிற பிஞ்சுக் கீரை வளர்த்து பெங்களூர் சூப்பர் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். ஓட்டை விழுந்த இலையும், இரண்டு நாள் கூட வளர்ந்துவிட்ட இலையும் கழிவு. அதை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கித் தினமும் ஒரு பை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

பிஞ்சு இலை. ஆய வேண்டாம், நறுக்க வேண்டாம், அலசினால் போதும். மிக்ஸியில் அடித்துக் கோதுமை மாவில் பிசைந்தால் பச்சைச் சப்பாத்தி. மிச்ச விழுதைத் தோசை மாவில் கலக்கிவிடலாம். பருப்பை இறக்கியபின் ஒரு கை அள்ளிப் போட்டு மூடினால், மூடியைத் திறப்பதற்குள் வெந்திருக்கும். முட்டைப் பொரியலிலும் போட்டான், எலுமிச்சைச் சாதத்திலும் போட்டான். அதுவரை வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனுஷன்!

ராணி தைக்கப் போகும் கார்மென்ட்ஸ் பஸ் ஏழரைக்கு வரும். அதற்குள் மூன்றடுக்கு டப்பாவைக் கட்டிக் கையில் கொடுத்துவிடுவான். சாயங்காலம் டப்பா துடைத்துவைத்தது போலத் திரும்பி வரும். அவனுக்குப் பெருமை தாங்காது.

அப்படியென்றால் நாற்பது நாள் கீரை எங்கே போயிற்று?

எழுந்தான். தண்ணீர்க் குழாய்வரை போனான், குடிக்காமல் திரும்பினான். கொட்டினாளா? நாய்க்குப் போட்டாளா? பொறுக்க முடியாமல் வார்டுக்குள் போய்க் கேட்டேவிட்டான்.

"டப்பாவ என்னதான் பண்ணுன நீ?"

ராணி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "காலியாத்தான வந்துச்சு" என்றாள்.

வெளுத்துக் கிடக்கிறவளிடம் அதற்குமேல் என்ன கேட்பது? மறுபடி வராந்தாவுக்கே வந்தான்.

இனி காத்திருக்க முடியாது, ரத்தம் ஏற்றிவிட்டு நாளைக் காலை ஆபரேஷன் செய்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஏற்றுகிற ரத்தத்துக்கு ஈடாக, எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, இரண்டு பேர் கொடுக்க வேண்டும். இரண்டு மணிக்குள். இல்லையென்றால் தேதி மூன்றாவது தடவையும் தள்ளிப் போகும்.

அவன் கொடுக்க முடியாது. சர்க்கரைக்குத் தினமும் ஊசி போடுகிறவன். மச்சான் சுரேந்தர் மார்டள்ளியிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டான். பஸ் இன்னும் கொள்ளேகாலே தாண்டவில்லையாம். மணி ஒன்றே கால். ரத்தினவேலுக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றியது, நின்றால் நடக்கத் தோன்றியது. வாட்ச்மேன் இரண்டு தடவை முறைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் சரசுவும் நஞ்சம்மாவும் தீபாவும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். கார்மென்ட்ஸில் ராணியோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து தைக்கிறவர்கள். ராணி போன் பண்ணினாளாம். அரை நாள் லீவு சொல்லிவிட்டு, நூல் பிசிறு ஒட்டிய துப்பட்டாவோடு அப்படியே வந்திருந்தார்கள்.

சரசுவைப் பார்த்ததும் அவனுக்குப் பாதி உயிர் போயிற்று. குச்சி போல இருக்கும் பெண். மார்ச் மாதம் கம்பெனியில் நடந்த முகாமில் ரத்தம் குறைச்சல் என்று அவளைத் திருப்பி அனுப்பியதை ராணி சொல்லியிருக்கிறாள். அவளோ முந்திக்கொண்டு விரலை நீட்டினாள்.

ரத்த வங்கியில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் நிமிர்ந்தார். பதின்மூன்று, கொடுக்கலாம். நஞ்சம்மாவுக்குப் பதின்மூன்றரை. தீபா தேவைப்படவே இல்லை.

ரத்தினவேல் சுவரில் சாய்ந்து நின்றான். அப்பாடா என்று மூச்சு வந்தது. காலையிலிருந்து முதல் மூச்சு அதுதான்.

உள்ளே படுத்திருந்த சரசு, கையிலிருந்த ரப்பர் பந்தை அமுக்கிக்கொண்டே அவனைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, அந்தப் பச்சைச் சப்பாத்திக்கு அப்படி என்ன சொப்பு, என்ன கீரை போடறீங்க? நானும் வீட்டுல வெந்தயக்கீரை போட்டுப் பாத்துட்டேன், அந்த ருசி வரல."

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அந்த வரிசையில் யாரும் தன் டப்பாவைத் தனியாகச் சாப்பிடுவதில்லை. எல்லா டப்பாவையும் நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ராணி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவன்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சரசுவின் கையிலிருந்து இறங்கிய ரத்தத்தில் பை நிறைந்துகொண்டிருந்தது. அவனுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது.

"எத்தன பேரும்மா உக்காருவீங்க?"

"ஆறு பேருண்ணா. உங்க டப்பாவத்தான் மொதல்ல தொறப்போம். ராணியக்கா கடைசியாத்தான் கை வைப்பாங்க."